பூனைகளுக்கு எதிராகப் பதினொரு வாக்கு

எங்கள் தொழிற்சாலையில் போர்வை தைக்கிறோம். மொத்தம் ஐம்பத்திரண்டு பேர், அதில் தமிழர் பதினொரு பேர். இந்தக் கணக்கு என்னுடையதல்ல, கணேசலிங்கம் அண்ணையுடையது. மொன்றியலில் எந்தக் கூட்டத்துக்குள் நுழைந்தாலும் தமிழர் எத்தனை பேர் என்று எண்ணி முடித்த பிறகுதான் அவரால் கதிரையில் இருக்க முடியும்.

இரண்டாயிரத்து ஏழு ஒக்டோபரில் நிர்வாகம் ஓர் அறிவித்தலை ஒட்டியது. இனிமேல் கம்பனி வருடத்துக்கு ஒரு தொண்டு நிறுவனத்துக்கு உதவும். எந்த நிறுவனம் என்பதை முதலாளி தீர்மானிக்கமாட்டார், வேலை செய்கிறவர்கள் வாக்குப் போட்டுத் தீர்மானிக்க வேண்டும். முன்மொழிகிறவர் அந்த நிறுவனத்தைச் சொந்த அனுபவத்தில் அறிந்திருக்க வேண்டும். எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று மூன்று நிமிடம் பேசவும் வேண்டும். வெல்கிற நிறுவனம் கேட்கிற பெரிய பொருள் ஒன்றைக் கம்பனி வாங்கிக் கொடுக்கும்.

முதலில் பெயர் கொடுத்தவள் பொதி கட்டும் பகுதி லூசி. வீதிப் பூனைகளைப் பிடித்து வைத்துப் பராமரிக்கும் இடம் ஒன்று அவளுக்குத் தெரியும். அவர்களுக்குக் கூடுகள் தேவையாம். கணேசலிங்கம் அண்ணைக்கு அன்று மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

"நாங்கள் பதினொரு பேர் இருக்கிறம். பூனைக்கு விடுறதோ?" என்று எங்கள் தையல் வரிசைக்கே வந்து கேட்டார்.

அவர் முன்மொழிந்தது தமிழ் மூத்தோர் ஒன்றியம். தலைவர் அவர், செயலாளர் அவருடைய மச்சான். தேவை, ஓர் ஒலிபெருக்கி. ஒலிபெருக்கி இல்லாமலே அவருடைய குரல் இல்-பிசார் தீவில் இருக்கும் அவருடைய சொந்த வீட்டிலிருந்து ஆற்றைத் தாண்டி லவால் வரை கேட்கும் என்பது வேறு விஷயம். ஒவ்வொருவரிடமாகப் போய் வாக்குறுதி வாங்கினார். நானும் "ஓம் அண்ணை" என்றேன். நம்மில் யார் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்கிறோம்?

அந்த ஓமைச் சொல்லி இரண்டு நாள்கூட ஆகவில்லை. அஹுன்ட்சிக்கில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில், இல்லாதவர்களுக்குச் சாப்பாட்டுச் சாமான்கள் இலவசமாகக் கொடுக்கும் உணவு வங்கி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் குளிர் தொடங்கும்போது அங்கே ஒரு மூட்டை அரிசி கொண்டுபோய் வைத்துவிட்டு, யாரும் பெயர் கேட்பதற்குள் திரும்பி வந்துவிடுவேன். அந்த வருடம் போனபோது கதவில் ஒரு கடதாசி. பெரிய பிறீசர் பழுதாகிவிட்டது, புதிது கிடைக்காவிட்டால் கிறிஸ்மஸோடு மூடுகிறோம் என்று எழுதியிருந்தது. அந்தப் பிறீசரிலிருந்து எடுத்த கோழியைத்தான் ஒரு குளிர்காலம் முழுவதும் என் பிள்ளைக்குச் சமைத்துக் கொடுத்தேன்.

அந்த உணவு வங்கியை முன்மொழியப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். என் கணவர் நீக்கிலாப்பிள்ளை நல்ல மனிதர், ஆனால் மானம் என்ற சொல்லைக் கேட்டால் காய்ச்சல்காரனைப் போல நடுங்குவார். நாங்கள் வந்த முதல் வருடம் அவருக்கு வேலை இல்லை. சொந்தக்காரருக்கெல்லாம் "கம்பனியில மனேஜ்மென்ட்" என்று சொல்லி வைத்திருந்தார்.

"அக்னெஸ், உதைச் சபையில சொன்னாயெண்டால் நான் ஞாயிறு பூசைக்கு எந்த முகத்தோடை போறது?"

"இருக்கிற முகத்தோடைதான். வேறை முகம் வாங்கக் காசில்லை."

வாய் வீரம்தான். எனக்கும் பயம். காரணம், என் பக்கத்து மெசினில் இருக்கிற யோகராணி. அவளுக்கு ஒன்று தெரிந்தால் மாலைக்குள் மொன்றியல் முழுவதும் தெரியும், அடுத்த நாள் ரொறன்ரோ. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆகவே ஒரு தந்திரம் செய்தேன். பெயர் கொடுத்துவிட்டு, 'எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம்' என்று பேச்சைத் தயாரித்தேன். மகள் ஷெரோன்தான் பிரெஞ்சில் எழுதித் தந்தாள்.

"எந்தக் குடும்பம் அம்மா?"

"உனக்குத் தெரியாது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் அதைச் சாப்பிட்ட பிள்ளையிடமே மறைத்தேன்.

கூட்டம் வெள்ளிக்கிழமை, சாப்பாட்டறையில். நடத்தியவள் நிர்வாகத்துப் பெண் நத்தலி. லூசி படங்கள் காட்டினாள். ஒரு கண் இல்லாத பூனை ஒன்றைக் கண்டு எனக்கே மனம் இளகிவிட்டது. கணேசலிங்கம் அண்ணை கழுத்துப்பட்டி கட்டி வந்திருந்தார். மூன்று நிமிடம் என்பதை முன்னுரைக்குத் தந்த நேரம் என்று நினைத்துவிட்டார் போலும். நத்தலி இரண்டு தடவை மணிக்கூட்டைக் காட்டினாள். அவரும் திரும்பி அதைப் பார்த்து நேரம் சரிதான் என்று தலையாட்டிவிட்டுத் தொடர்ந்தார்.

பிறகு நான். நான் எழும்பியதும் அண்ணையின் புருவமும் எழும்பியது. கடதாசியை விரித்தேன். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், கையில் ஒரு பிள்ளை, கணவருக்கு வேலை இல்லை, அந்த உணவு வங்கியில் யாரும் அவர்களை ஒரு கேள்வி கேட்கவில்லை, பிள்ளைக்குப் பால் வேண்டுமா என்று மட்டும் கேட்டார்கள். வாசித்து முடித்தேன்.

நத்தலி புன்னகைத்தாள். "நல்ல கதை, அக்னெஸ். ஆனால் சொந்த அனுபவம் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தக் குடும்பத்தை உங்களுக்கு எவ்வளவு தெரியும்?"

எவ்வளவு தெரியும்! என் முகம் அடுப்பாய்க் கொதித்தது. யோகராணி காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். கொஞ்சம்தான் தெரியும் என்று சொன்னால் பெயர் நீக்கப்படும். பெயர் போனால் பிறீசரும் போகும், கிறிஸ்மஸோடு அந்தக் கதவும் மூடும். வெட்கத்தை விட்டு வந்தும், மூடிய அந்தக் கதவுக்கு வெளியே யாராவது ஒருத்தி பிள்ளையோடு நிற்பாள் என்று நினைத்தேன்.

"அந்தக் குடும்பம் நாங்கள்தான்" என்றேன். சொன்னதும் கோபம் வந்துவிட்டது, யார்மேல் என்று தெரியாத கோபம். "எங்கள் வீடு கோட்-டெ-நெய்ஜ். பக்கத்துத் தெருவிலேயே ஓர் உணவு வங்கி இருந்தது. அங்கே போகவில்லை. தமிழர் யாரும் கண்டுவிடுவார்கள் என்று பிள்ளையையும் தூக்கிக்கொண்டு, பனிக்குள் இரண்டு பஸ் மாறி அஹுன்ட்சிக்குக்குப் போனேன். முழு விசர்."

சாப்பாட்டறையில் ஒரு சிரிப்பு வெடித்தது. யோகராணி. கொன்றுவிடலாம் போலிருந்தது. ஆனால் அவள் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது.

"அடி விசரி! நான் அஹுன்ட்சிக்கிலை இருந்துகொண்டு ரெண்டு பஸ் எடுத்துக் கோட்-டெ-நெய்ஜுக்கெல்லோ வந்தனான், எங்கடை சனத்தின்ரை கண்ணிலை படக்கூடாதெண்டு! உன்ரை வீட்டு வாசலாலைதான் கோழியைக் காவிக்கொண்டு போயிருப்பன்!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் நானும் ஒரே நாளில், ஒரே வீதியில், எதிரெதிர் பஸ்களில் தலையைக் குனிந்தபடி கடந்து போயிருக்கவும் கூடும். ஆறு வருடமாகப் பக்கத்துப் பக்கத்து மெசினில் இருந்து ஊர்க் கதை எல்லாம் கதைத்தோம், இதை மட்டும் கதைக்கவில்லை. என்ன சிரிப்பு என்று நத்தலி கேட்டாள், யோகராணியே பிரெஞ்சில் சொன்னாள். லூசி மூக்கை உறிஞ்சினாள். கணேசலிங்கம் அண்ணை மட்டும் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு யன்னலைப் பார்த்தபடி இருந்தார். பதினொரு வாக்கில் இரண்டைப் பறித்துவிட்டேனே என்று எனக்கு அந்த மனிதரை நினைக்கப் பாவமாகவும் இருந்தது.

வாக்குப் பெட்டியைத் திறந்து நத்தலி எண்ணினாள். உணவு வங்கிக்கு முப்பத்து மூன்று, பூனைகளுக்குப் பத்தொன்பது. யோகராணி என்னைக் கட்டிப்பிடித்தாள், எனக்கு மூச்சு முட்டியது. பிறீசர் வரும், கதவு திறந்திருக்கும் என்ற நினைப்பில் மற்றது எதுவும் காதில் விழவில்லை.

மெசினுக்குத் திரும்பிய பிறகுதான் மூளை வேலை செய்தது. முப்பத்து மூன்றும் பத்தொன்பதும் ஐம்பத்திரண்டு. தொழிற்சாலையில் இருப்பதே ஐம்பத்திரண்டு பேர். மூத்தோர் ஒன்றியத்துக்கு ஒரு வாக்குக்கூட விழவில்லை, அதன் தலைவருடையதுகூட.

வேலை முடிந்து எல்லோரும் குளிர் உடுப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். பேசுவாரென்று பார்த்தேன். சப்பாத்துக் கயிற்றைக் கட்டி, அவிழ்த்து, திரும்பவும் கட்டினார். அந்தப் பெரிய குரலை அவ்வளவு மெல்லியதாக நான் அதற்கு முன்பு கேட்டதில்லை.

"தங்கச்சி, அந்தக் காலத்திலை அஹுன்ட்சிக்குக்கு நீங்கள் என்ன நாளிலை போறனீங்கள்?"

"செவ்வாய்க்கிழமையிலை, அண்ணை."

அவர் மூச்சை விட்டார்.

"நல்ல காலம். நான் வியாழன்."