கீழ்வரிசை

மேளம் ஓங்கும்போதெல்லாம் கொத்து வேலைக்கு வந்த தர்மராஜ் உளிமேல் சுத்தியலைப் போட்டான். மேளம் நின்றால் அவனும் நின்றான். சாவு வீட்டில் சுவர் பெயர்க்கிற சத்தம் கேட்கக்கூடாது என்று சந்திரலேகாதான் அப்படி ஏற்பாடு செய்திருந்தாள். ஐஸ் பெட்டிக்குள் அவளுடைய அப்பா ஜம்புலிங்கம் மீசை முறுக்குக் கலையாமல் படுத்திருந்தார். பெட்டிக்குப் பின்னால் இருந்த சுவரிலும் அவரேதான் இருந்தார், எகிப்து ராஜா வேஷத்தில்.

“ஏணிய பந்தல்காரங்க எடுத்தும்போயிட்டாங்கக்கா,” என்றான் தர்மராஜ். “அதான் கீழயே ஆரம்பிச்சிட்டேன்.”

“எங்கருந்தாவது பேத்துடு. எங்க காலேஜுக்காரங்க கார்ல வந்துக்கினு இருக்காங்க.”

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா சின்னம்மாள் நிமிர்ந்தாள். “பொணம் எடுக்கறதுக்குள்ள என்னாத்துக்குடி இந்த வேல?” என்றாள். சந்திரலேகா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தப் படம் சுவரில் ஏறியதே அவள் வாயால்தான். எம்.ஏ. படிக்கும்போது ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் சரித்திரப் புத்தகத்தை விரித்துக் காட்டினாள். எகிப்தில் ஒரு ராஜா. தலைக்கு மேலே வட்டமாகச் சூரியன். இறங்கி வரும் ஒவ்வொரு கதிரின் நுனியிலும் ஒரு கை. அந்தக் கைகள் ராஜாவையும் அவன் பெண்டாட்டி பிள்ளைகளையும்தான் தொடும். அந்த நாட்டு ராஜாக்கள் எல்லாருமே தங்களைச் சூரியனுடைய பிள்ளை என்று சொல்லிக்கொண்டவர்கள். இவன் இன்னும் ஒருபடி மேலே போனான். சூரியனை அறிந்தவன் நான் ஒருவன்தான், சனங்கள் என்னைக் கும்பிட்டால் போதும் என்றான். “நம்ம கம்பெனி மாதிரிப்பா” என்று விளையாட்டாகச் சொல்லிவைத்தாள். ஜம்புலிங்கம் சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து புத்தகத்தை வாங்கிப் பார்த்தார்.

பீங்கானில் பியூஸ் கட்டையும் பொம்மையும் செய்கிற கம்பெனி அது. வீடும் அதே காம்பவுண்டுக்குள். கம்பெனி பெயிண்டர் கலியமூர்த்தியை டைல்ஸ் மேல் எழுதச் சொல்லி, சூளையில் வேகவைத்து, கிழக்குப் பார்த்த வீட்டுச் சுவரில் பதித்துவிட்டார். ராஜாவுக்கு ஜம்புலிங்கத்தின் முகம், மீசை உட்பட. பக்கத்தில் சின்னம்மாளும் சந்திரலேகாவும். அடியில், முழங்கால் உயரத்தில், கை கூப்பிய வேலைக்காரர்கள் ஒரு வரிசை. சூரியனின் கை ஒன்றுகூட அந்த வரிசைவரை இறங்கவில்லை.

காலையில் சாப்பாட்டுப் பையோடு வருகிறவர்கள் சுவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் கொட்டகைக்குள் போகவேண்டும். பொங்கலன்று பானையும் சுவருக்கு முன்னால்தான். கிழக்கே நிஜச் சூரியன் ஏறிக்கொண்டிருக்கும். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு சனம் சுவரைக் கும்பிடும். அப்பா பக்கத்தில் பட்டுப்புடவையோடு நின்று சந்திரலேகாவும் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டவள்தான். போன தையில் கலியமூர்த்தி இறந்துபோனார். அதிலிருந்து அவர் பெண்டாட்டி கமலம் எல்லாரையும்விடத் தாழக் குனிந்தாள். “புருசன் போனப்புறம் என்னா பணிவு பாரு அதுக்கு,” என்று அப்பா போனில் சொல்லிப் பெருமைப்பட்டார்.

சந்திரலேகா இப்போது கடலூரில் ஒரு கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறாள். அந்த ராஜாவின் பாடம் வந்தால் அவளுக்குக் குஷிதான். அவன் செத்ததும் அவன் முகத்தையும் பேரையும் உளி வைத்துச் செதுக்கி எறிந்தார்கள் என்று முடிப்பாள். பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஆனால் தன் வீட்டுச் சுவரைப் பற்றி யாரிடமும் மூச்சு விட்டதில்லை. கூட வேலை செய்கிறவர்களில் ஒருவரையும் சொந்த ஊரான விருத்தாசலத்துக்குக் கூப்பிட்டதுமில்லை. இன்றைக்குக் கூப்பிடாமலே வருகிறார்கள். மாலையோடு வந்து நின்று அண்ணாந்து பார்ப்பார்கள் என்று நினைத்தாலே உடம்பு கூசியது. அப்பா போன துக்கத்தை முந்திக்கொண்டு இந்த வெட்கம் வந்து நிற்கிறதே என்று அதற்கும் சேர்த்து வெட்கமாக இருந்தது.

முகம் கழுவிக்கொண்டு அவள் வெளியே வந்தபோது கம்பெனிப் பெண்கள் வந்திருந்தார்கள். கமலம் மட்டும் பெட்டிக்குப் போகாமல், கையில் மாலையோடு சுவருக்கு முன்னால் நின்றிருந்தாள். கீழ்வரிசை இருந்த இடத்தில் வெறும் சிமெண்டு.

“பாப்பா, இங்க இருந்தவங்க எங்க?”

“நான்தான் பேக்கச் சொன்னேன்க்கா. இனிமே நீங்க யாரையும் கும்புட வேணாம்.” நல்ல காரியம் செய்தவளைப் போலத்தான் சொன்னாள்.

கமலம் தலையாட்டினாள். சிமெண்டின் ஓரத்தைக் காட்டி, “எங்கூட்டுக்காரரு இந்தக் கடைசில இருந்தாரு,” என்றாள். “அவரே எழுதிக்கினது. ஆதார் போட்டோவுல இருக்கறது யாரோ மாதிரி இருக்குது. இதுலதான் லேசா சிரிச்சாப்புல இருப்பாரு. தெனம் பாத்துட்டுதான் உள்ள போவேன்.”

தர்மராஜ் பெயர்த்த துண்டுகளை அள்ளி வைத்திருந்த சாக்கைக் கவிழ்த்தான். கமலம் மாலையை ஓரமாக வைத்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டாகத் திருப்பினாள். சந்திரலேகாவும் எதிரே உட்கார்ந்தாள். ஒரு துண்டில் கூப்பிய விரல்கள் இருந்தன. எடுத்து நீட்டினாள்.

“கை எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் எழுதினாருங்க. மொகந்தான் வேற வேற.”

அடுத்து ஒரு கண் அகப்பட்டது. “இதாக்கா?”

“இல்லங்க பாப்பா. அது கோதண்டபாணி அண்ணன். அதோ, நாற்காலி எடுத்துப் போடறாரு பாருங்க.”

சந்திரலேகா அந்தப் பக்கம் திரும்பவில்லை. அப்பாவுக்குப் பக்கத்தில் தன்னை எப்படி எழுதியிருக்கிறது என்று எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். கீழே குனிந்து ஒருநாளும் பார்த்ததில்லை.

கமலத்துக்கு ஒரு காதும் வாயில் பாதியும் கிடைத்தன. உதட்டோரம் ஒரு வளைவு தெரிந்தது. முந்தானையில் வைத்து முடிந்துகொண்டாள்.

வாசலில் கார் வந்து நின்றது. அதே நேரம் ஏணியும் வந்து சேர்ந்தது. “மேல ஏறட்டாக்கா? ராஜாவ முடிச்சிடறேன்,” என்றான் தர்மராஜ்.

“வேணாம். அது இருக்கட்டும்.”

கல்லூரிக்காரர்கள் பெட்டிமேல் மாலை வைத்தார்கள். பிறகு அவள் பயந்தபடியே ஒவ்வொருவராக அண்ணாந்து பார்த்தார்கள். சூரியனின் கைகள் ஜம்புலிங்கத்தின் கிரீடத்தை, தோளை, மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தன. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கமலமும் தன் மாலையைப் பெட்டிமேல் வைத்துவிட்டு, தினம் நிற்கிற இடத்தில் போய் நின்றாள். இடுப்பு மடங்க, தலை முழங்காலுக்கு இறங்கக் குனிந்தாள். எதிரே சிமெண்டில் உளி போட்ட குழிகள் இருந்தன. அவள் சீக்கிரம் நிமிரவில்லை.

துறைத்தலைவி சந்திரலேகாவின் தோளைத் தொட்டாள். “உங்கப்பா மேல எவ்வளவு மரியாதை வச்சிருக்காங்க, பாருங்க,” என்றாள் மெதுவாக.

சந்திரலேகா தலையைக் குனிந்துகொண்டாள். உள்ளங்கையில் இருந்த கோதண்டபாணியின் கண்ணைப் புடவைத் தலைப்பால் மூடினாள்.