காலிக் கைகள்

அப்பாவின் சவப்பெட்டி முன்னால் கொக்திங் இடது கையில் கைபேசியைப் பிடித்தபடி, செத்தவரிடம் சம்மதம் கேட்கும் பிறை வடிவ மரக்கட்டைகள் இரண்டையும் வலது கையால் மட்டும் தரையில் போட்டான். இரண்டும் தட்டைப் பக்கம் மேலாக விழுந்தன.

“உங்கப்பா சிரிக்கிறாரு, பதில் சொல்லல,” என்றார் சீனத் தாவோ பூசாரி.

ஒன்று தட்டையாகவும் ஒன்று குமிழாகவும் விழுந்தால்தான் செத்தவர் சம்மதித்ததாக அர்த்தம். சம்மதம் இல்லாமல் சவப்பெட்டியை மூட முடியாது. நல்ல நேரமோ முடியப்போகிறது. அதைத் தாண்டினால் வீட்டுக்கு ஆகாது.

அக்கா சியோக்லான் அந்தக் கைபேசியையே பார்த்தாள். அவள் கவலை நேரத்தைப் பற்றியது அல்ல. கேட்க வேண்டிய ஒரே மகன் அவள் தம்பிதான். ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தது முதல் அதன் திரை வழியாகத்தான் அவரைப் பார்க்கிறான். மூச்சு நின்றபோதுகூட, முகம் தெரியாத யாருக்கோ நன்றி எழுதிக்கொண்டிருந்தான். மூடிவிட்டால் அவ்வளவுதான். பிறகு எங்கே போய்ப் பார்ப்பான்?

“தம்பி, அதைக் கீழ வைடா.”

“ஆறாயிரம் பேரு நேரலையில பாக்குறாங்கக்கா. பாதியில நிறுத்தச் சொல்றியா?”

“பெத்த புள்ள ஒருத்தன் பாக்கலியேடா!”

அவன் முறைத்துவிட்டு மறுபடி போட்டான். இரண்டும் குமிழ். மாட்டேன் என்கிறார்.

உயிரோடு இருந்தபோதும் அப்பா அப்படித்தான். கோயில் முற்றத்து ஆலமரத்தடியில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், “சும்மா இருக்கேன், அதுக்கே நேரம் பத்தல” என்பார். அவசரப்படுத்தி அவரிடம் யாரும் எதையும் வாங்கியதில்லை.

பூசாரி கடிகாரத்தைப் பார்த்தார். “ரெண்டு கையாலயும் ஏந்திக் கேளுப்பா. கை காலியா இல்லாதவனுக்கு அவரு எதைக் குடுப்பாரு?”

கொக்திங் கைபேசியை அக்காவிடம் நீட்டினான். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். சுற்றி நின்றவர்களும் வாங்கவில்லை. படையல் மேசையில் ஆரஞ்சுகளுக்குப் பக்கத்தில் அதைக் கவிழ்த்து வைத்தான். கட்டைகளை இரு கைகளிலும் ஏந்தி, பெட்டிக்குள் குனிந்தான்.

“அப்பா...”

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பூசாரியும் அவசரப்படுத்தவில்லை.

“அக்கா, அப்பாவுக்குப் புருவம் எப்ப இப்படி வெளுத்துச்சு?”

“ரெண்டு வருசமாச்சுடா.”

கட்டைகள் அவன் கையிலிருந்து தாமாகவே நழுவின. பூசாரி குனிந்து பார்த்தார்.

“சரின்னுட்டாரு. மூடலாமா?”

கொக்திங் நிமிரவில்லை. மேசைமேல் கைபேசி அதிர்ந்து அதிர்ந்து விளிம்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. சியோக்லான் அதைப் பார்த்தாள், எடுக்கவில்லை.