யாரும் வைக்கச் சொல்லாத பரீட்சை

கட்டபெட்டு கடைவீதியில் ஆறுக்குட்டியின் மளிகைக் கடையில் ஏழு பேரின் பெயரை எழுதி முடிக்க ஹரிதாசுக்கு நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. 1984, ஆடி மாதம். வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்காக வீடு வீடாகப் போகும் வேலை பள்ளி ஆசிரியர்கள் தலையில் விழுந்திருந்தது. பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர், வயது, கையெழுத்து. இருபத்தொரு வயது நிறைந்திருந்தால் போதும். ஆறுக்குட்டி தராசில் துவரம்பருப்பை நிறுத்தபடியே பதில் சொன்னார். மூத்த மகனின் வயதை இரண்டு வருஷம் குறைத்துச் சொல்லி மனைவியிடம் திட்டு வாங்கினார். எல்லாம் முடிந்த பிறகு அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஏனுங்க வாத்தியாரே, எம்.எல்.ஏ.ங்கறவரு மெட்ராசுக்குப் போறவருங்களா, டெல்லிக்குப் போறவருங்களா? ரெண்டுக்கும் நான்தான் போட்டுட்டு வாறேன். எது எங்க போகுதுன்னு இன்னும் தெரியலீங்க."

"போக வேண்டிய எடத்துக்கு ரெண்டும் போயிருமுங்க" என்றார் ஹரிதாஸ். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆறுக்குட்டியும் சிரித்துவிட்டு ஒரு பொட்டலம் வர்க்கியைக் கட்டாயப்படுத்திக் கையில் திணித்தார்.

ஹரிதாசுக்கு முப்பத்திரண்டு வயது. பிறந்தது அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடியிருப்பில். அப்பா பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வேலைக்கு மலையேறியவர். பள்ளிச் சான்றிதழ், ரேஷன் அட்டை, ஆசிரியர் வேலை எல்லாம் வரிசையாக வந்தன. நீ எந்த நாட்டுக்காரன் என்று அவரை ஒருவரும் கேட்டதில்லை. கட்டபெட்டுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தார். நல்ல வாத்தியார் என்றுதான் பெயர்.

கடைவீதிக்கு மேலே ஒரு தனியார் தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயன் வீடுகள் இருந்தன. அதில் மூன்று குடும்பம் சிலோனிலிருந்து திரும்பியவர்கள். பட்டியல் வேலை தொடங்குமுன் நடந்த கூட்டத்தில் ஒரு குமாஸ்தா, சிலோன்காரர்கள் என்றால் காகிதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பொதுவாகச் சொல்லியிருந்தார். எந்தக் காகிதம் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை தூறலில் ஹரிதாஸ் அங்கே போனபோது, மூன்றில் ஒரு கதவுதான் திறந்திருந்தது. மற்ற இரண்டு குடும்பமும் கோத்தகிரிச் சந்தைக்குப் போயிருந்தன. திறந்திருந்தது பேச்சியின் வீடு. பேச்சிக்கு ஐம்பது இருக்கும், கொழுந்து பறிப்பவள். அவள் கணவர் ஒச்சப்பன், இஸ்தோப்பு என்று அவர்கள் சொல்லும் முன்தாழ்வாரத்தில் குந்தியிருந்தார். வந்த காரியத்தைச் சொன்னதும் பேச்சியின் முகம் மாறியது. கையைக் கழுவினாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து, அதிலிருந்து பாலிதீன் உறைக்குள் பாலிதீன் உறையாகச் சுற்றியிருந்த இரண்டு பாஸ்போர்ட்டுகளை எடுத்துக் கொடுத்தாள். கண்டியில் இந்திய அலுவலகம் கொடுத்தவை. கூடவே ஒரு குடும்ப அட்டை.

ஹரிதாஸ் அதுவரை பாஸ்போர்ட் என்ற ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்ததில்லை. புரட்டினார். பதிவின் மூலம் இந்தியக் குடிமகள் என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரியும், ஏதோ ஒரு சட்டப் பிரிவின் எண்ணும் இருந்தன. அது போதுமா, இன்னும் ஏதாவது வேண்டுமா என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் பக்கத்து வீடுகளிலிருந்து ஐந்தாறு பேர் வந்து நின்றுவிட்டார்கள்.

"இதெல்லாம் இருக்கட்டுங்க. இந்த நாட்டைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும், சொல்லுங்க பாப்போம்" என்றார். பாதி விளையாட்டாகத்தான் சொன்னார்.

பேச்சி கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்றாள். கொடியில் என்னென்ன நிறம் என்று கேட்டார். சொன்னாள், நடுவில் இருக்கும் சக்கரத்துக்கு எத்தனை ஆரக்கால் என்பதையும் சேர்த்து. எம்.பி.க்கு எத்தனை வருஷம் பதவி என்று கேட்டார். அதற்கும் பதில் வந்தது. பட்பட்டென்று பதில் வரவர, கேட்பவருக்குத்தான் கேள்வி தீர்ந்துகொண்டிருந்தது. கடைசியாக, ஜனாதிபதியை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றார்.

"நாங்க நேரா போட ஏலாது மாஸ்டர். நாங்க அனுப்புற எம்.பி.மாரும் எம்.எல்.ஏ.மாரும்தான் போடுவாங்க."

"தப்புங்க" என்றார் ஹரிதாஸ். "ஜனநாயக நாடுங்க இது. ஜனங்கதான் போடுவாங்க. நீங்க சொல்றது உங்க சிலோன்ல இருக்கும்."

பேச்சி ஒரே ஒரு தடவை மறுத்துப் பார்த்தாள். "அங்கதான் மாஸ்டர் இப்ப ஜனங்க நேரா போடுறாங்க. ரெண்டு வருசம் முன்ன நடந்துச்சு. தம்பி அட்டன்ல இருந்து எழுதியிருந்தான். எல்லாரும் போனாங்களாம், அவனுக்குப் பிரஜாவுரிமை இல்லாததால லயத்துலயே இருந்தானாம்."

"நேத்து வந்தவங்க எனக்குச் சொல்லித் தர்றீங்களாக்கும்."

நின்றவர்களில் ஒருவர் சிரித்தார். பேச்சி பாஸ்போர்ட்டுகளைத் திரும்ப வாங்கி உறைக்குள் சுற்றினாள். ஆபீசில் கேட்டுவிட்டு எழுதுவதாகவும், பெயர் விட்டுப்போனால் பள்ளிக்கூடத்தில் வந்து மனுக் கொடுக்கலாம் என்றும் சொல்லிவிட்டு ஹரிதாஸ் இறங்கிப் போனார். ஒச்சப்பன் கொண்டுவந்த சாயத்தண்ணியை, பால் விடாத தேநீரை, குடிக்க நேரமில்லை என்றார். அந்த வீட்டுப் பெயர்களை எழுத வேண்டிய கார்டு வெறுமையாகவே பைக்குள் போயிற்று.

ஹரிதாசுக்குத் தெரியாத ஒரு விஷயம் இருந்தது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் பேச்சியின் தகப்பனார் சிலோன் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டார். 1947 தேர்தலில் ஓட்டுப் போட்டவர். அதற்குப் பிறகு அந்த ஓட்டைப் பறித்துவிட்டிருந்தார்கள். விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். இந்தியாவிலுள்ள சொந்த ஊருக்குப் போய்த் திரும்பியது எந்த வருஷம் என்று கேட்டார். தகப்பனார் ஒரு வருஷம் மாற்றிச் சொல்லிவிட்டார். மனு தள்ளுபடி. பதினேழு வயதுப் பெண்ணாக இருந்த பேச்சி பக்கத்தில் நின்று அதைப் பார்த்தாள். அதன்பின் அந்தக் குடும்பத்தில் எவரும், எந்த நாட்டிலும் ஓட்டுப் போட்டதில்லை. இந்தியக் குடியுரிமை கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு ஒன்பது வருஷம் காத்திருந்தபோது, இந்திய அதிகாரிகளும் இப்படிக் கேட்பார்கள் என்று பயந்து, தொழிற்சங்க ஆபீசில் ஒருவரிடம் போய் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தாள். கண்டியில் கேட்கவில்லை. இங்கே வந்ததும் தங்கவைத்த மண்டபம் முகாமிலும் கேட்கவில்லை. பத்து வருஷம் கழித்து, கட்டபெட்டில் கேட்டார்கள். தான் தோற்றுவிட்டதாக அவள் நினைத்ததில் ஆச்சரியமில்லை.

ஆகஸ்டில் வரைவுப் பட்டியல் வந்தது. பெயர் விடுபட்டவர்கள் மனுக் கொடுக்க மூன்று வாரம். ஹரிதாஸ் மாலை வேளைகளில் பள்ளி வராந்தாவில் மேஜை போட்டு உட்கார்ந்தார். ஒருநாள் ஆசிரியர் அறையில் பேச்சு வந்தபோது, ஜனாதிபதிக்கு நாம் ஓட்டுப் போடுவதில்லை என்று அடித்துச் சொன்ன சிலோன் பொம்பளையைப் பற்றி வேடிக்கையாகச் சொன்னார். இரண்டு பேர் சிரித்தார்கள். எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கும் சுலோச்சனா சிரிக்கவில்லை. குடிமையியல் பாடத்தைத் திறந்து அவர் பக்கம் தள்ளினார்.

"அந்தம்மா சொன்னது சரிங்க சார். அதை விடுங்க, தப்பாவே சொல்லியிருந்தாலும் என்னங்க? பேரை எழுதிட்டு வரத்தானே நம்மளை அனுப்பினாங்க. பரீட்சை வைக்கவா சொன்னாங்க?"

அன்று மாலையே ஹரிதாஸ் தாலுகா அலுவலகத்தில் விசாரித்தார். பாஸ்போர்ட் இருந்தால் வேறு எதுவும் வேண்டியதில்லை என்றார்கள். மனு வாங்க இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

பள்ளியிலிருந்து லயன் வீடுகளுக்கு நடந்தால் முக்கால் மணி நேரம். முதல் நாள் மழை. மறுநாள் அருவங்காட்டில் உறவுக்காரர் வீட்டு விசேஷம். அதற்கடுத்த இரண்டு நாளும் விளையாட்டுப் போட்டி. பொய்க் காரணம் என்று ஒன்றையும் சொல்ல முடியாது. ஆனால் அந்த இஸ்தோப்பில், அன்று சிரித்தவர்கள் முன்னால் நின்று, தப்பு உங்களுடையதல்ல என்னுடையது என்று சொல்ல வேண்டியிருக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. வேண்டுமென்றால் அவர்களே வரட்டும் என்று ஒரு நினைப்பும் கூட இருந்தது.

ஆறாம் நாள் மற்ற இரண்டு குடும்பமும் வந்தன. கேள்வி ஒன்றும் கேட்காமல் மனுவை வாங்கிக்கொண்டார். பேச்சி வரவில்லையா என்றார்.

"அவ வரமாட்டா மாஸ்டர்" என்றாள் வந்தவர்களில் ஒருத்தியான இசக்கியம்மா. "பெயிலாப் போயிட்டாளாம்ல. எங்களை எல்லாம் கேக்காமலே பாஸ் போடுறீங்க, படிச்சவளைப் பெயிலாக்கிட்டீங்க."

வரச் சொல்லுங்க என்றார் ஹரிதாஸ். சொல்லுகிறேன் என்றாள் இசக்கியம்மா. சொல்லியும் இருப்பாள். ஒன்பதாம் நாள் மாலை ஆறு மணிவரை உட்கார்ந்திருந்துவிட்டு மேஜையை உள்ளே எடுத்துப் போட்டார். அதற்குப் பிறகும், வேட்புமனுத் தாக்கல் முடிகிற நாள்வரை மனுக் கொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. அதுவும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

டிசம்பர் இருபத்து நான்காம் தேதி தேர்தல். நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் ஒரே நாளில். ஹரிதாசுக்கு வேறு ஊரில்தான் பணி போட்டிருந்தார்கள். கட்டபெட்டுச் சாவடியில் ஒருவர் காய்ச்சலில் விழ, கடைசி நேரத்தில் அங்கேயே மாற்றினார்கள். பட்டியலைப் பார்த்துப் பெயரை உரக்க வாசிப்பது அவர் வேலை. இசக்கியம்மாவின் லயன் எண்ணுள்ள பக்கத்தில் ஒரு பெயரிலிருந்து அடுத்த பெயருக்குப் போகும்போது இடைவெளி எதுவும் இல்லை. இல்லாதவர்களுக்காகப் பட்டியலில் இடம் விடுவதில்லை.

மதியம் சாப்பாட்டுக்கு வெளியே வந்தபோது, கட்சிக்காரர்கள் தாண்டக் கூடாது என்று போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டுக்கு அப்பால் ஒரு கல்லில் பேச்சி உட்கார்ந்திருப்பதைக் கண்டார். நல்ல சேலை கட்டியிருந்தாள். பக்கத்தில் ஒச்சப்பன். வரிசையில் நிற்கும் இசக்கியம்மாவுக்காகக் காத்திருந்தார்கள். கோடு வாக்காளருக்கானது அல்ல. இருந்தும் இருவரும் அதற்கு வெளியிலேயே இருந்தார்கள்.

ஹரிதாஸ் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் அவர்களிடம் போனார். பேச்சி எழுந்து நின்றாள்.

"உக்காருங்க. அன்னைக்கு நீங்க சொன்னதுதாங்க சரி."

"பொஸ்தகத்துல பாத்தேன் மாஸ்டர்" என்றாள் பேச்சி. "நீங்க தப்புன்னு சொன்னதால, சட்டம் மாறிப்போச்சாக்கும்னு நெனைச்சேன். அங்க அடிக்கடி மாத்துவாங்க."

"மாறலைங்க. எனக்குத்தான் தெரியல."

பேச்சி வரிசையைப் பார்த்தாள். வரிசை ஓர் ஆள் நகர்ந்தது. "எப்பத் தெரிஞ்சுது?" என்றாள்.

இன்றைக்குத்தான் என்று சொல்ல அவர் வாய் தயாராக இருந்தது. அப்படிச் சொன்னால் அவள் நம்பியிருப்பாள்.

"மனு வாங்க ஒம்பது நாள் இருக்கறப்பவே தெரியுமுங்க."

ஒச்சப்பன்தான் முதலில் பேசினார். "ஒம்பது நாள்தானே பேச்சி. பாஸ்போட்டுக்கு நாம ஒம்பது வருசம் நிக்கலியா." சிரிப்பதுபோல ஏதோ செய்தார். பேச்சி அவரைப் பார்க்கவில்லை.

"நீங்க போட்டாச்சா மாஸ்டர்?"

அவர் ஓட்டு அருவங்காட்டில். தேர்தல் பணியில் இருப்பவர்கள் தபாலில் போடுவதற்கு ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். அது மேஜை இழுப்பறையில் நிரப்பாமல் கிடந்து, தேதி போய்விட்டது. ஒரு ஓட்டில் என்ன வந்துவிடப்போகிறது என்று விட்டுவிட்டார். அதைத்தான், கொஞ்சம் சுருக்கி, அவளிடம் சொன்னார்.

பேச்சி அவரை நிமிர்ந்து பார்த்தாள். முதல் தடவையாக அவள் முகத்தில் கோபம் தெரிந்தது.

"எங்களுக்கு இல்லை மாஸ்டர். உங்களுக்கு இருந்துச்சு."

இசக்கியம்மா வெளியே வந்தாள். பேச்சி அவள் இடது கையைப் பிடித்து ஆள்காட்டி விரலில் இருந்த மையைப் பார்த்தாள். தன் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். மை போகவில்லை. மூன்று பேரும் மேட்டுப் பாதையில் ஏறினார்கள். பேச்சி முன்னால் போனாள்.

சாப்பிடாமலே ஹரிதாஸ் உள்ளே போய் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் ஆறுக்குட்டி குடும்பத்தோடு வந்தார். பெயரை வாசித்துக் கோடு போட்டாயிற்று. இரண்டு நிறத்தில் இரண்டு சீட்டு கைக்கு வந்ததும் அவர் மேஜைப் பக்கம் குனிந்தார்.

"ஏனுங்க வாத்தியாரே, இதுல எதுங்க மெட்ராஸ்?"

ஹரிதாஸ் பேனாவை வைத்தார். எந்தச் சீட்டு எந்தச் சபைக்கு, அங்கே போகிறவருக்குப் பெயர் என்ன, எத்தனை வருஷம், என்ன வேலை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஐந்தாம் வகுப்பில் சொல்வதுபோல நிதானமாக, இரண்டு தடவை. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். போதும் சார் என்றார் சாவடி அதிகாரி. ஆறுக்குட்டி தலையை ஆட்டினார். காதில் வாங்கிக்கொண்ட மாதிரி தெரியவில்லை. மடித்த சீட்டுகளோடு மறைப்புத் தட்டிப் பக்கம் நடந்தார்.