சுண்ணாம்புக் குழி வேலை

பஞ்சாட்சரத்தின் வலது முழங்கையில் இருந்த வெளிறிய திட்டை முதலில் கவனித்தவர் அவனுடைய குடியாத்தத்து முதலாளிதான். மறுநாளே அவனைத் தறியிலிருந்து எழுப்பிவிட்டார். அவனிடம் காரணம் சொல்லவில்லை. ஊரெல்லாம் சொல்லியிருந்தார். அப்புறம் எந்தத் தறிவீட்டுக்குப் போனாலும் வாசலோடு பேசி அனுப்பினார்கள்.

"தேமலாத்தான் இருக்கும்," என்றாள் அவன் மனைவி அமிர்தவள்ளி. சொல்லிவிட்டு அவளே வேலூர் தர்ம ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

கண்ணை மூடச் சொல்லி, டாக்டர் அவன் வலது கையில் ஊசியால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். சில இடத்தில் சுருக்கென்றது. சில இடத்தில் குத்தினாரா இல்லையா என்றே தெரியவில்லை. பயத்தில் அங்கேயும் "குத்துதுங்க" என்று சொல்லிவைத்தான்.

"பெருவியாதியா, அதான் குஷ்டமா, இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இப்ப சொல்றதுக்கில்ல. பொங்கல் கழிச்சு வா," என்றார் டாக்டர்.

"அதுவரைக்கும் இன்னா பண்றதுங்க?"

"வேலையைப் பாத்துக்கிட்டிரு."

வேலையைத் தேடி ஆம்பூருக்கு ரயிலேறினான். அங்கே அவனை யாருக்கும் தெரியாது. முழங்கை மறையும்படி சட்டை போட்டுக்கொண்டான். தோல் பதனிடும் ஷாப்பின் வாசலில் ஏற்கெனவே நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். மேஸ்திரி ஆபித் பாஷா அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா வேலை தெரியும்?"

"நெசவுங்க."

"நெசவுக்காரன் தோல்ல கை வைப்பியா?"

"வைப்பேங்க." சொன்ன குரல் அவனுக்கே பிடிக்கவில்லை.

வந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலை அள்ளிக் கரையில் போடச் சொன்னார் மேஸ்திரி. முதலில் கை விட்டவன் விரலில் வெட்டுக்காயம் போலிருக்கிறது, அலறிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினான். அடுத்தவன் பல்லைக் கடித்து ஒரு தோலோடு நிறுத்திக்கொண்டான்.

பஞ்சாட்சரத்தின் இரண்டு கைகளிலும் நூல் அறுத்த கீறல்கள் இருந்தன. இடது கையை விட்டான். நெருப்பாய்ப் பிடித்துக்கொண்டது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டு வலது கையை விட்டான். காத்திருந்தான். கட்டைவிரல் பக்கம் லேசாகக் காந்தியது. சுண்டுவிரல் பக்கம் ஒன்றுமே இல்லை. இன்னும் ஆழமாக விட்டுப் பார்த்தான். எரியேன், எரிந்து தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினான். பிறகு அந்தக் கையாலேயே ஒவ்வொரு தோலாக இழுத்துக் கரையில் போட்டான்.

"சபாஷ்! பாருங்கடா, நெசவுக்காரன். ஒரு சத்தம் வருதா? இவன்தான் ஆளு," என்றார் ஆபித் பாஷா.

வேலை கிடைத்துவிட்டது. இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டான்.

வெள்ளிக்கிழமை ஷாப்புக்கு விடுமுறை. வீட்டுக்கு வந்தான். வெந்து கொப்புளித்திருந்த வலது கை விரல்களில் அமிர்தவள்ளி தேங்காயெண்ணெய் தடவினாள். தடவிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

"ரொம்ப எரியுதா?"

அவள் எதைக் கேட்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது.

"எரியுது," என்றான். "ராத்திரியில தூக்கமே இல்ல."

அவள் அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விம்மினாள். "எரியட்டும். எரிஞ்சா நல்லதுதான். முருகா, எரியட்டும்."

பொங்கல் வந்து போயிற்று. அவன் வேலூருக்குப் போகவில்லை. அவளும் நினைவூட்டவில்லை. குழிக்குப் புது ஆள் எடுக்கும்போதெல்லாம் ஆபித் பாஷா அவனைத்தான் கூப்பிட்டுச் செய்துகாட்டச் சொன்னார்.