நீலம் வந்தால் நல்ல தண்ணீர்

கிருஷ்ணப்பன் சர்க்கரை மாத்திரையை நிறுத்தி நாற்பது நாள் ஆகியிருந்தது. இடது கால் பெருவிரலில் செருப்பு கடித்த புண், ஆறுவேனா என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது. மனிதர் முகத்தில் மட்டும் புது மாப்பிள்ளைக் களை. எல்லாம் தண்ணீர் செய்த வேலை.

பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற ஆம்பளையைச் சும்மா வீட்டில் உட்காரவைப்பது ஆபத்து என்பது அவர் மனைவி மலர்க்கொடியின் கட்சி. அதை நிரூபிக்கவே அதே தெரு அன்பரசன் வந்து சேர்ந்தான். சில மாதம் முன்பு வரை இன்ஷூரன்ஸ் பாலிசி பிடித்துக்கொண்டிருந்தவன், இப்போது குடிதண்ணீரின் பி.எச். அளவை ஏற்றும் மெஷின் விற்கிறான். கொருக்குப்பேட்டையில் அவர்கள் வீட்டு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூன்று தம்ளரில் மூன்று தண்ணீர் ஊற்றி, ஒவ்வொன்றிலும் கலர் காட்டும் மருந்து ரெண்டு சொட்டு விட்டான். கேன் தண்ணீர் மஞ்சளானது. லாரித் தண்ணீர் பச்சையானது. மெஷின் தண்ணீர் நீலமாகி நின்றது.

"மஞ்சன்னா ஆசிட்டு மாமு. சுகரு, பிரஷரு, மூட்டு வலி அல்லாம் அங்கேர்ந்துதான் வருது. நீலம் உள்ள போச்சின்னா அத்தினியும் ஓடிப்பூடும். அப்பால மாத்திரை இன்னாத்துக்கு?"

வேறு யார் சொல்லியிருந்தாலும் கிருஷ்ணப்பன் சிரித்திருப்பார். ஆனால் அவர் முப்பத்திரண்டு வருடம் பிரேக் அழுத்தம் காட்டும் கேஜின் முள்ளைப் பார்த்தே வேலை செய்த ஆள். முள் சரி என்றால் வண்டி நகரும், இல்லையென்றால் நிற்கும். மேஸ்திரி பொய் சொல்வான், யூனியன்காரன் பொய் சொல்வான், கேஜ் சொல்லாது. அந்தச் சொட்டு மருந்தும் அவருக்குக் கேஜாகிவிட்டது. அன்பரசன் முதல் நாளே ஒரு சொட்டு மருந்து சீசாவையும், அப்புறம் தினமும் ஒரு பாட்டில் மெஷின் தண்ணீரையும் கொடுத்து ஆளை வளைத்துப்போட்டான்.

அப்புறம் வீட்டில் எதுவும் தப்பவில்லை. டீ, ரசம், மோர் எல்லாவற்றிலும் சொட்டு விட்டார். ஒருநாள் தன் மூத்திரத்தையே தம்ளரில் பிடித்துவந்து சோதித்து, "உடம்பு லைனுக்கு வந்துகினு கீதுமே" என்று அறிவித்தார். மலர்க்கொடி அந்தத் தம்ளரைக் குப்பையில் போட்டாள்.

அவள் கெஞ்சினாள், அழுதாள், மாத்திரையைப் பொடித்து உப்புமாவில் கலந்தும் பார்த்தாள். கசக்கிறது என்று தட்டை நகர்த்திவிட்டார். ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்றால் மட்டும் மனிதருக்கு அளவுகள் மேல் நம்பிக்கை போய்விடும். "அது மாத்திரக் கம்பெனிக்காரன் செட்டப்பு" என்பார். உண்மையில் ஊசி என்றால் அவருக்குக் குலை நடுங்கும்.

ஒரு வாரமாகப் புண்ணிலிருந்து வாடை வந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டு அத்தாவுல்லா பாய்க்கும் இப்படி ஒரு விரலில் ஆரம்பித்துத்தான் முழங்கால் வரை எடுத்தார்கள். எப்படியாவது இந்த ஆளை ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் மலர்க்கொடியின் வேண்டுதல்.

செவ்வாய்க்கிழமை காலை, தண்ணீர் லாரிக்காகக் குடங்கள் வரிசை கட்டியிருந்தன. மலர்க்கொடி மூன்று தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து பெண்கள் நடுவே வைத்தாள்.

"யோவ், எது நல்ல தண்ணின்னு பாத்து சொல்லு."

கிருஷ்ணப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. டாக்டர் மாதிரி சீசாவைக் குலுக்கிச் சொட்டு விட்டார். ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை, மூன்றாவது நீலம்.

"இதான் தண்ணி. எந்த லாரிமே இது?"

"லாரி இல்ல. தெருமுனை அடிபம்பு."

வரிசையே சிரித்தது. மழைக்குப் பிறகு அந்த அடிபம்பில் சாக்கடை கலந்து வருகிறது. அதைக் கக்கூசுக்கு ஊற்றவென்றே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தனிக் குடம் உண்டு. மலர்க்கொடி அதைத்தான் பழைய வேட்டியில் வடிகட்டி, முன்னாலேயே சொட்டு விட்டும் பார்த்துக் கொண்டுவந்திருந்தாள்.

"அண்ணே, சாக்கடையும் நீலமாத்தான் கீது. சும்மா வுட்டுட்டு மாத்திரைய முழுங்கு," என்றாள் பாயின் மனைவி மலிகா.

கிருஷ்ணப்பனின் காது சிவந்தது. "கேஜ் பொய் சொல்லாது," என்றார். தம்ளரை எடுத்து ஒரே மூச்சில் கவிழ்த்துக்கொண்டார். தடுக்கப்போன மலர்க்கொடியின் கை பாதியில் நின்றுவிட்டது.

மறுநாள் மதியத்துக்குள் பதினான்கு முறை கக்கூசுக்குப் போய்விட்டார். ஆட்டோவில் மலர்க்கொடியின் மடியில் துவண்டு கிடந்தார். இந்த ஆளுக்கு ஏதாவது ஆனால் நானும் இருக்க மாட்டேன் என்று வழி நெடுக அவள் நினைத்துக்கொண்டே போனாள்.

ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். கேட்காமலே ரத்தமும் எடுத்தார்கள். சர்க்கரை நானூற்று முப்பத்தெட்டு. டாக்டர் ரிஃபானா போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தார்.

"இன்னும் பத்து நாள் விட்டிருந்தா விரல் இல்ல, பாதமே போயிருக்கும். என்ன குடிச்சீங்க?"

"பி.எச். நல்லா இருந்திச்சி மேடம்," என்றார் கிருஷ்ணப்பன், ஈன சுரத்தில்.

டாக்டருக்கு விஷயம் விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "உங்க வயித்துக்குள்ளயே ஆசிட்தான் இருக்கு. நீலத்தண்ணி குடிச்சாலும் உள்ள போனா அது ஆசிட்ல கலந்துடும். ரத்தத்தோட பி.எச்.ச நுரையீரலும் கிட்னியும் பாத்துக்கும், அதுக்கு உங்க சொட்டு மருந்து வேண்டாம். தண்ணியில கிருமி இருக்கான்னு எந்தக் கலரும் சொல்லாது," என்று பொரிந்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மூன்றாம் நாள் பேதி நின்றது. மலர்க்கொடி நர்ஸ் கொடுத்த சர்க்கரை மாத்திரையோடு கட்டிலருகே வந்தாள். கிருஷ்ணப்பன் மின்விசிறியைப் பார்த்தபடி கேட்டார்.

"நா அத்த குடிப்பேன்னு உனக்குத் தெரியுமாமே?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு வாய் வரவில்லை.

"தெரியும். முப்பத்தொரு வருசமா உன்கூட குடும்பம் பண்றேன்."

"செத்துப் போயிருந்தா?"

"பயந்துகினுதான் இருந்தேன். காலு அழுகினாலும் நீ ஆஸ்பத்திரிக்கு வரமாட்ட. பேதி புடுங்கினாதான் வருவ. எனக்கு வேற வழி தெரியலய்யா."

சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கிருஷ்ணப்பன் அவள் பக்கம் திரும்பினார். பிறகு வாயைத் திறந்தார். திட்டப்போகிறார் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு சத்தமும் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். மாத்திரைக்காகத் திறந்து வைத்திருந்தார்.