பெரியவனின் இருநூறு ஜிபி

"அவன் பாகத்துல கை வைக்காதேன்னா வைக்காதே. நான் இருக்கிற வரைக்கும் அது அவனோடது."

"அவன் போயி ஒன்பது வருஷம் ஆச்சுப்பா. இங்க கம்ப்யூட்டருக்கு மூச்சு முட்டுது. அவன் இடம் காத்தாடக் கிடக்குது."

நான் உள்ளே நுழைந்தபோது சண்டை பாதிக்கு மேல் போயிருந்தது. ஒட்டுக்கேட்க வரவில்லை. என் கைப்பையின் ஜிப் பல்லிளித்துவிட்டது, தைக்கக் கொடுக்க வந்தேன். ஜிப் பிய்ந்து மூன்று மாதம் ஆகிறது என்பதும், எதிர்வீட்டில் சத்தம் கேட்ட பிறகுதான் அது எனக்கு ஞாபகம் வந்தது என்பதும் வேறு விஷயம்.

அப்பாக்காரர் நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் சங்கிலி ஐயா என்றால்தான் தெரியும். நிலம் அளக்கிற சங்கிலியை வைத்து அந்தப் பெயரை வைத்தது யார் என்று கேட்காதீர்கள். அளந்து எல்லை போடாமல் அவருக்குத் தூக்கம் வராது. செருப்பு விடுகிற பலகையில்கூட ஆளுக்கொரு கட்டம் கிழித்திருப்பார். கம்ப்யூட்டர் வாங்கிய அன்றும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கை, பார்ட்டிஷன் என்பார்களே, அப்படி ஏழு துண்டு போட்டார். எந்தத் துண்டு யாருக்கு, அளவு எவ்வளவு என்று நீல அட்டை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார். துண்டுகளுக்குப் பெயர் வைக்கவில்லை. பெயர் எல்லாம் பதிவேட்டில் இருந்தால் போதும் என்பது அவர் உத்தியோகம் சொல்லிக்கொடுத்த பாடம்.

மூத்த மகனுக்கு இருநூறு ஜிபி. அவன் வேலை கிடைத்துக் கடல் தாண்டிப் போய்விட்டான். வெயில் விழுகிற பெரிய அறை ஒன்றும் அவன் பெயரில் பூட்டிக் கிடந்தது. மகளுக்கு நாற்பது ஜிபி. அவளை எல்லோரும் ஊசி என்று கூப்பிடுவோம். உடம்பும் அப்படி, வாயும் அப்படி. அவள் தையல் மெஷினுக்கு அறை கிடையாது, நடைபாதையில் கிடந்தது. பாத்ரூம் போகிறவர்கள் ஒருக்களித்துத்தான் போக வேண்டும்.

அந்த நடைபாதையில் உட்கார்ந்துதான் நர்சுகளுக்குச் சீருடை தைக்கிற வேலையைப் பிடித்திருந்தாள். துணியை எப்படி வெட்டுவது என்கிற படிவங்களைக் கம்ப்யூட்டரிலேயே வரைவாள். பன்னிரண்டு வருஷப் படிவங்கள், ஒவ்வொன்றுக்கும் போட்டோ வேறு. திங்கட்கிழமை காலையில் அவை துணி வெட்டும் பட்டறைக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் ஆஸ்பத்திரி வேலை வேறு ஆளுக்கு. அன்று சனிக்கிழமை மத்தியானம். கம்ப்யூட்டரோ திறக்கிற மாதிரி திறந்து, வட்டம் சுற்றி, அணைந்து, மறுபடி திறந்துகொண்டிருந்தது. சிஸ்டத்தையே அழித்துப் புதிதாக ஏற்றினால்தான் உண்டு. கையோடு இந்த ஏழு துண்டுக் கணக்கையும் ஒழித்து, அண்ணன் இடத்தைத் தன் பேருக்கு மாற்றிவிடலாம் என்று ஊசி சொல்லப்போய்த்தான் சண்டை.

இதில் ஒரு உள்விஷயம் உண்டு. நாற்பது ஜிபி நிரம்பி நாலு வருஷமாகிறது. அப்பா யாரையும் தொடவிடாத இடம்தான் வீட்டிலேயே பத்திரமான இடம் என்று, ஊசி தன் படிவங்களை எல்லாம் அண்ணன் துண்டில் குடிவைத்திருந்தாள். வேறு நகல் கிடையாது. இந்த ரகசியம் அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அதனால் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியும். அப்பாவுக்குத்தான் தெரியாது.

ஆகவே, கடைசியில் பெரியவன் துண்டை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஆறையும் அழித்துக்கொள் என்று அவர் இறங்கி வந்தபோது, அவள் இவ்வளவு சுலபமாகத் தலையாட்டியது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அவருக்குத்தான் கொஞ்சம் சந்தேகம். பக்கத்திலேயே நாற்காலி போட்டு, நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஜிப்பை மறந்து நானும் ஒரு முக்காலியை இழுத்துக்கொண்டேன்.

பென்டிரைவைச் செருகி ஏற்றினாள். துண்டுகளின் பட்டியல் வந்தது. அங்கேதான் வினை. சி, டி, ஈ என்று நாம் பார்த்துப் பழகிய எழுத்து ஒன்றுகூட அந்தத் திரையில் இல்லை. வெறும் வரிசை எண்ணும் அளவும்தான். நோட்டில் ஏழு, திரையில் எட்டு. சிஸ்டம் தனக்கென்று நூறு எம்பியில் ஒரு பொடித்துண்டை முன்னால் வெட்டிக்கொண்டிருந்தது. சங்கிலி ஐயாவுக்கு அது புறம்போக்கு ஆக்கிரமிப்பு மாதிரி பட்டிருக்க வேண்டும், அரை நிமிஷம் முறைத்தார்.

எண் ஒத்துவரவில்லை, பரப்பளவை வைத்துப் பார்ப்போம் என்றார். ஒன்று 195.3 என்று இருந்தது. இன்னொன்று 200.0. நோட்டில் அவர் கையெழுத்தில் இருநூறு. முப்பத்தைந்து வருஷம் நிலம் அளந்த மனுஷர், நாலே முக்கால் குறைகிற இடத்தை மகனுக்கு எழுதியிருப்பாரா? 200.0-தான் பெரியவனுடையது, மற்றதை எல்லாம் எடுத்துவிடு என்று விரலால் தட்டிக் காட்டினார். நோட்டு போட்டவரே பக்கத்தில் இருக்கும்போது ஊசிக்கு என்ன பயம்? துணி வெட்டுகிற வேகத்தில் ஒவ்வொன்றாக அழித்தாள்.

பிறகுதான் அவள் கண் அடுத்த வரிசைக்குப் போனது. காலி இடம் எவ்வளவு என்று காட்டுகிற வரிசை. மிஞ்சி நின்ற 200.0-இல் 199.8 காலி. அவள் படிவங்களோ நாற்பத்தைந்து ஜிபிக்கு மேல்.

கையை மௌஸிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அப்பா, தப்பானதை அழிச்சுட்டோம்."

"அவனோடது இருக்கே, அதோ."

"அவனோடது போச்சு. அதுக்குள்ள என்னோடது எல்லாம் இருந்துச்சு."

நாலு வருஷக் கதையை நாலே வாக்கியத்தில் சொன்னாள். கேட்டிருக்கலாமே என்றார் அவர், குரல் இறங்கிப்போய். மூன்று தடவை கேட்டேன், நோட்டில் இடம் இல்லை என்றீர்கள் என்றாள் அவள். நோட்டை மூடினார், திறந்தார். முகம் வெளுத்து, உட்கார்ந்த இடத்திலேயே சுருங்கிப்போனார். நான் வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பதற வேண்டியவள் பதறவில்லை. "எல்லைக் கல்லைத்தான் பிடுங்கியிருக்கோம்பா. நிலம் எங்கயும் போகல. மேல யாரும் வீடு கட்டாத வரைக்கும் கல்லைத் திரும்ப நட்டுடலாம். நீங்க எத்தனை நட்டிருக்கீங்க?" என்றாள். சொல்லிவிட்டு கம்ப்யூட்டரை அப்படியே அணைத்து, ரிப்பேர் கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

அந்தக் கடைக்காரரை ஸ்க்ரூ என்போம். சட்டைப் பையில் எப்போதும் நாலு கிடக்கும். போனிலேயே அவர் கேட்டது ஒன்றுதான்: அழித்த பிறகு புதுத்துண்டு போட்டீர்களா, ஃபார்மேட் செய்தீர்களா? இல்லை என்றதும், அப்படியானால் வருகிறேன், நான் வரும்வரை யாரும் தொடவேண்டாம் என்றார். வந்து, தான் கொண்டுவந்த பென்டிரைவால் கம்ப்யூட்டரைத் திறந்து, டிஸ்க்கில் தொலைந்த எல்லைகளைத் தேடவிட்டார். ஒன்றரை மணி நேரம். ஊசி அதற்குள் என் ஜிப்பைப் பிரித்து, புதியது வைத்துத் தைத்தும் முடித்துவிட்டாள். ஒரு தையல் கோணவில்லை. அந்தப் பையை இன்னும் வைத்திருக்கிறேன்.

கடைசியில் 195.3 பச்சை எழுத்தில் வந்தது. திறந்தால் உள்ளே சட்டைக் கழுத்து, கை, காலர் என்று வரிசையாக அத்தனையும் இருந்தன.

இருநூறு எப்படிக் குறைந்தது என்று ஐயா கேட்டார். அதுதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது. "நீங்க ரெண்டு லட்சம்னு எம்பி கணக்குல அடிச்சிருக்கீங்க ஐயா. ஆயிரம் எம்பின்னா ஒரு ஜிபின்னு நீங்க நினைச்சீங்க. மெஷின் ஆயிரத்து இருபத்துநாலுக்குத்தான் ஒண்ணுன்னு எண்ணும்," என்றார் ஸ்க்ரூ. அப்படியானால் சரியாக 200.0 இருக்கிற துண்டு யாருடையது? நோட்டில் தேடினார்கள். ஏழாவது வரி, அம்மா பங்கு. அதை மட்டும் கடையில் கொடுத்து மெஷின் கணக்கிலேயே போட்டிருந்ததால், நோட்டில் அளவு எழுத விட்டுப்போயிருந்தது.

உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கத்தியோடு வாசற்படிக்கு வந்தார். "எனக்கு ஒரு பங்கு இருந்துச்சா?" என்று கேட்டார். ஐயா நோட்டில் அந்த வரியைக் காட்டினார். "சரி, இருந்த வரைக்கும் சந்தோஷம்," என்று திரும்பிப் போய்விட்டார்.

மீட்ட 195.3-இல் பெரியவனுடையது என்று இருந்தது ஒரே ஒரு பழைய வேலை விண்ணப்பம். அதிலும் பாதிதான் நிரப்பியிருந்தான். ஐயா அதை மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு அளவுகோலை வைத்து நோட்டில் ஏழு வரியையும் அடித்தார். கோணலாக ஒரு கோடு போடக்கூட அவருக்குத் தெரியாது. படிவங்களை வெளி டிஸ்க்கில் நகல் எடுத்த பிறகு எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னார். சிஸ்டத்துக்கு ஒன்று, ஊசியின் வேலைக்கு ஒன்று, இரண்டே போதும் என்று ஸ்க்ரூ சொன்னதற்குத் தலையாட்டினார். எழுந்து போய், பூட்டிய அறையின் சாவியைக் கொண்டுவந்து கீபோர்டின் மேல் வைத்தார்.

"வெளிச்சம் நல்லா வரும் அங்க," என்றார்.

திங்கட்கிழமை படிவங்கள் போய்ச் சேர்ந்தன. அந்த அறையில் ஒன்று மூன்றாகி, மூன்று ஐந்து மெஷினாகி, என் வீட்டுச் சுவர்வரை கடகடவென்று கேட்டது. பெரியவனுக்குப் போனில் விஷயத்தைச் சொன்னபோது அவன் எந்த இருநூறு ஜிபி என்று கேட்டானாம்.

ஊசிக்கும் ஸ்க்ரூவுக்கும்தான் கல்யாணம் முடியும் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன். அவர் என் அக்கா மகளைக் கட்டிக்கொண்டு என் மாடியிலேயே குடிவந்துவிட்டார். ஊசி அந்த வெட்டுப் பட்டறைக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு, ஐந்து மெஷினையும் டிஸ்க்கையும் ஏற்றிக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். வெயில் விழுகிற அறையை இப்போது சங்கிலி ஐயா பூட்டி வைத்திருக்கிறார். யார் கேட்டாலும் அது மகளோட பாகம், கை வைக்காதே என்கிறார்.