கங்காருவுக்காகத் திருப்பக் கூடாது

…கங்காரு வந்தது, பயந்துபோய்த் திருப்பிவிட்டேன், காப்பீட்டுக்காரன் வந்தால் இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டுமாம், அதற்கு மேல் வாயைத் திறக்காதே என்கிறான் டெஸ், என் புருஷன், காலையில் ஆஸ்பத்திரியில் எனக்குக் கொடுத்த டோஸ்ட்டைத் தானே தின்றுகொண்டு… அவனுக்குத் தோளெலும்பில் விரிசல், எனக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை, ஆனாலும் நஷ்டஈடு அவனுக்குத்தான், ஏனென்றால் நான் ஓட்டியவள், அவன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து வந்தவன். வேறு வண்டி எதுவும் மோதவில்லை, நாங்களாகவே போய் மரத்தில் மோதினோம், அப்படியானால் ஓட்டியவள் தப்பு, தப்புச் செய்தவளுக்கு ஒன்றுமில்லை, கூட வந்தவனுக்கு உண்டு, குவீன்ஸ்லாந்தில் வண்டிப் பதிவோடு சேர்த்துக் கட்டுகிற காப்பீடு அப்படி. "உன் தப்புன்னு நீ சொன்னாத்தான் எனக்கு வரும். எனக்கு வந்தா நமக்கு வந்த மாதிரிதானே, நோலீன்?" நமக்காம். நேற்று நடையில் நின்று கூட்டாளியிடம் போனில் படகு விலை கேட்டானே, அதுவும் நமக்கா? எனக்கு மீன் நாற்றமே ஆகாது.

இத்தனைக்கும் ஸ்டியரிங்கை என்னிடம் கொடுக்கிறவனா அவன், நீ ஓட்டினா செம்மறியாடு முந்திப் போயிடும் என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறவன், அன்றைக்கு சார்லவில் ஊர்க் குதிரைப் பந்தயத்தில் மூக்குமுட்டக் குடித்ததால்தான் சாவியைத் தூக்கிப் போட்டான். பொழுது சாய்கிற நேரம், கங்காருகள் மேயக் கிளம்புகிற நேரம், பையத்தான் ஓட்டினேன்… கங்காரு பாய்ந்தால் திருப்பாதே, பிரேக்கை மிதி, நேராக அடி, வண்டி நசுங்கினால் நசுங்கட்டும், இது இங்கே பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும், பாரில் நின்று வெளியூர்க்காரர்களுக்குப் பாடம் எடுப்பவனே டெஸ்தான், கங்காரு சுடுவதே அவன் பிழைப்பு. நான் நேராகத்தான் பிடித்தேன். சத்தியமாக நேராகத்தான். அவன் கைதான் வந்தது ஸ்டியரிங் மேல். போலீசிடம் தூங்கிவிட்டேன் என்றான், நானும் சும்மா இருந்தேன், போதையில் திடுக்கிட்டு முழித்திருப்பான், பாவம், கங்காரு வேட்டைக்காரன் கங்காருவைக் கண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தான் என்று தெரிந்தால் பாரில் தலைகாட்ட முடியுமா… காலை வெட்டிக்கொடுத்துவிட்டு அவன் மானத்தைக் காத்துக்கொண்டு கிடக்கிறேன், என்னைவிட முட்டாள் இந்த ஆஸ்பத்திரியில் உண்டா?

நான் கேட்டதற்கு வக்கீலம்மா ஒருத்தி போனில் தெளிவாகச் சொல்லிவிட்டாள். "பக்கத்துல இருந்தவர் ஸ்டியரிங்கப் பிடிச்சிருந்தா கதையே வேறங்க. அப்ப தப்பு அவரோடது, நஷ்டஈடு உங்களுக்கு. இல்லேன்னா கைவிரிச்சிடுவாங்க." நான் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகைகளில் சமைக்கிறவள், கூலி கையில் வாங்குகிறவள், வேலையோடு வரும் காப்பீடும் கிடையாது. விடியுமுன் நின்றால் இருட்டும் வரை அடுப்படியில் நிற்க வேண்டும், எதில் நிற்பேன் இனி? அதைக் கேட்டதற்குத்தான் டெஸ் சொன்னான், "கொக்கு ஒத்தக் கால்ல நின்னு மீன் பிடிக்கலியா? நீ ஆட்டுக்கறி வேகவைக்கக் கூடாதா?" பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள், நானும் சிரித்தேன், ஏன் சிரித்தேன்… வெறுக்கிறேன் இவனை, இல்லை, வெறுத்தால் யார் என்னைக் கழிப்பறைக்குத் தூக்கிப்போவது, மகள் நாட்டின் மறுகோடியில், பெர்த்தில் இருக்கிறாள், போனையே எடுப்பதில்லை. சரி, சொல்லிவிடுவோம், பயந்து திருப்பிவிட்டேன் என்று. படகை வாங்கிக்கொண்டு போகட்டும்.

காப்பீட்டுக் கம்பெனி ஆள் வந்துவிட்டான், ஃபார்லியாம், நல்ல மரியாதை, நாற்காலியை நுனிவிரலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். டெஸ் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டான். "மரம் ரோட்டுக்கு வலது பக்கம் இருக்குங்கம்மா. வண்டி எதிர்ப்பக்கம் தாண்டிப் போயிருக்கு. நீங்கதான் திருப்பினீங்களா?" நாக்கு நுனியில் இருக்கிறது அந்த வாக்கியம், வரவில்லை, ஒரு மிடறு தண்ணீர் குடித்தேன், அதற்குள் டெஸ்ஸுக்குப் பொறுக்கவில்லை. "யாரா இருந்தாலும் பயந்துதான் போவாங்க, சார். இடது பக்கத்துலேர்ந்து வந்துச்சு, பெரிய செவலை, ஒரு காது கிழிஞ்சு தொங்குது, நேரா என் பக்கத்துக் கண்ணாடிக்கு…" நிறுத்திக்கொண்டான். ஃபார்லி நிமிர்ந்தான். "நீங்க தூங்கிட்டு இருந்ததா சொன்னீங்களே?" "இவதான் சொன்னா." நான் சொல்லவில்லை. எனக்குக் காதே தெரியாது, எனக்குத் தெரிந்ததெல்லாம் செவலையாய் ஒன்று எழும்பியதுதான். அப்படியானால் முழித்திருந்தான், காது வரைக்கும் பார்த்திருந்தான், தன் பக்கத்துக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு மடியில் வந்து விழப்போகிறது என்று தெரிந்திருந்தான்… பயந்து முழித்தவன் கை எதைப் பிடித்தாலும் தன் பக்கமாகத்தானே இழுக்கும்? இந்தக் கை இழுக்கவில்லை. தள்ளியது. தன்னிடமிருந்து விலக்கி, வலது பக்கமாக, நான் உட்கார்ந்திருந்த பக்கமாக… "அம்மா?" என்கிறான் ஃபார்லி, "நீங்கதானே திருப்பினீங்க?" டெஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, அன்பாக, அழுத்துகிறான்.